எடை சரியாகத்தான் இருந்தது

பழைய தங்கக் காசு சேர்ப்பவன் நான். ஆத்தூர், செம்பட்டி, சின்னாளப்பட்டி பக்கம் யார் வீட்டிலாவது ராணி தலை போட்ட காசு விலைக்கு வந்தால் என் காதுக்கு எட்டிவிடும். 1899-ல் இங்கிலாந்துச் சவரனை 15 ரூபாய்க்கு இங்கே செல்லுபடியாக்கினார்கள். அப்படி வந்தவையும் அதற்கு முன்பே வந்தவையும் இன்றும் பல வீடுகளில் காசுமாலையாகத் தொங்குகின்றன.

தெரிந்த பெரியம்மா ஒருவர், பேத்தியின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஒரு காசு கொண்டுவந்தார். "கடையில உருக்கிப் பாக்கணும்ங்கிறான் தம்பி. நீ பாத்து என்ன குடுக்கிறியோ குடு" என்றார். சுருக்குப் பையிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நம் பக்கம் கிடைக்கும் சவரனின் பின்புறம் குதிரைவீரன் இருப்பான், இல்லையென்றால் கேடயம் இருக்கும். இதில் இலை வளையத்துக்குள் 'ஆஸ்திரேலியா', மேலே 'சிட்னி மிண்ட்'. திருப்பினால் விக்டோரியாவின் கூந்தலில் பாங்க்சியா என்ற ஆஸ்திரேலியச் செடியின் கொத்து. கீழே 1864. சிட்னி நாணயச் சாலை இந்தப் பின்புற அச்சைப் பயன்படுத்தியது 1855 முதல் 1870 வரைதான். மாலையில் கோக்க வளையம் பற்றவைத்த தடமும் இல்லை.

நான் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. தராசில் வைத்தேன். 7.98 கிராமுக்குச் சற்றே குறைவு, 22 கேரட். அன்றைய விலைக்குக் கணக்குப் போட்டு, சேதாரம் எதுவும் கழிக்காமல் கொடுத்தேன். எடையிலும் விலையிலும் ஒரு பைசா பிசகவில்லை. ஆனால் சேகரிப்பவர்கள் இதற்குத் தங்க விலைக்கு மேல் எவ்வளவு தருவார்கள் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. எடை ஒன்றானாலும் விலை ஒன்றல்ல: அமெரிக்காவின் 20 டாலர் காசு எல்லாம் ஒரே 33.4 கிராம்தான், ஆனால் 1870-ல் கார்சன் சிட்டியில் அடித்ததற்கு, கழுகின் கீழே அந்த ஊரைக் குறிக்கும் இரண்டு சின்ன எழுத்துக்காகவே பல மடங்கு விலை. இதையெல்லாம் வருஷக்கணக்கில் தேடிப் படித்தவன் நான். அந்தப் படிப்பு முழுவதையும் அன்று அவரிடம் மறைத்தேன்.

"கடைக்காரன் மாதிரி அடிச்சுப் பேசல, நல்ல பிள்ளை" என்று என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். அந்த வார்த்தையை நான் மறுக்கவில்லை. இதுதான் என்னை அதிகம் அறுக்கிறது.

பணமில்லாமல் செய்ததல்ல. உண்மையைச் சொன்னால் அவர் விற்காமல் போய்விடுவாரோ, வேறு யாரிடமாவது காட்டுவாரோ என்று பயந்தேன். காசு எனக்கு வேண்டும் என்ற ஆசை, அவருடைய பேத்தியின் கட்டணத்தைவிட அந்த நிமிஷம் எனக்குப் பெரிதாக இருந்தது.

அவருக்குச் சேர வேண்டிய மிச்சத் தொகையைக் கணக்குப் பார்த்து வைத்திருக்கிறேன். காசையே திருப்பிக் கேட்டால் அதையும் கொடுத்தாக வேண்டும். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் இன்னும் அவர் வீட்டுப் படி ஏறாமல் இருக்கிறேன்.