அம்மாயியின் கை

லண்டன் மடல்

ஜேடர்பாளையத்துப் பெண்ணுக்கு லண்டனில் பேறுகாலம் என்றால், ஊரிலிருந்து அவளுடைய அம்மா விமானம் ஏறிவிடுவார். பார்வையாளர் விசாவில் பொதுவாக 6 மாதம்தான் தங்கலாம். அதற்குள் பேரப்பிள்ளைக்குத் தண்ணீர் வார்த்து உடம்பைத் தேற்றிவிட வேண்டும். இங்கே குளியலறையில் மணை ஏது? தொட்டிக்குள்ளேயே காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் குப்புறக் கிடத்தி, வெதுவெதுப்பான எண்ணெயை முதுகில் தடவி நீவிவிடுகிறார் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா. வீறிட்டழுத பிள்ளை, கை நீவ நீவ அடங்கிப்போகிறது.

இந்த இதத்துக்குக் காரணம் உண்டு: மெல்லிய வருடலுக்கென்றே தோலில் தனி நரம்பிழைகள் உண்டு. நொடிக்கு 1 முதல் 10 செ.மீ. வேகத்தில் வருடும்போது அவை மிகுதியாகத் தூண்டப்படுகின்றன. மனிதர்கள் இதமாக உணர்வதும் அதே வேகத்தைத்தான். ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட முடிவு இது.

தொடுதல் உயிரையும் காக்கும். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறை. எட்கர் ரே என்ற மருத்துவர், எடை குறைந்த சிசுக்களைத் தாயின் மார்போடு தோல்படக் கட்டிவைக்கச் சொன்னார். அதுதான் இன்றைய கங்காரு பராமரிப்பு. இந்தியா உட்பட 5 நாடுகளில், டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2021-இல் வந்தது. பிறந்த உடனேயே இப்படி அணைத்துவைத்தால் எடை குறைந்த சிசுக்களின் மரணம் 25 சதவீதம் குறைகிறது.

பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்கும்போது ஒன்றை மட்டும் அம்மாயிகள் விட்டுவிட வேண்டும். மூக்கில் எண்ணெய் விட்டால் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம்.

விசா முடிந்ததும் அம்மாயி ஊரில் ராஜவாய்க்கால் பக்கத்து வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார். பேத்தியை இனி வீடியோ காலில் பார்க்கலாம், தொட முடியாது. பேத்தியை நீவிவிட்ட அந்தக் கையைத் தொட இப்போது ஆளில்லை. 2021 ஆகஸ்ட்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், ரத்த அழுத்தம் பார்க்கப் பணியாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். நடமாட முடியாதவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. அவர்கள் வரும் அன்றைக்குத்தான் அம்மாயிக்கு ஒரு மனிதக் கை கையைப் பிடிக்கிறது.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் பெட்டி நிறைய சாமான் கொண்டுவருகிறார்கள். நாலு நாள் சாயங்காலம் அம்மாயி பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முழங்காலுக்கும் எண்ணெய் தடவி நீவிவிட்டுப் போகட்டும்.