பூனையின் வலி முகத்தில் தெரியும்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளின் கேன்டீன் வாசலிலும் லாரி நிறுத்தங்களிலும் வளரும் பூனைகள் வலி வந்தால் கத்துவதைவிட ஒடுங்கிக் கிடப்பதே அதிகம். வேட்டையாடியாகவும் இரையாகவும் வாழும் உயிர், தன் பலவீனத்தை மறைத்தே பிழைக்கிறது.

மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட முகச்சுளிப்பு அளவுகோல், அதாவது முகக்குறிகளால் வலியை மதிப்பிடும் முறை, காது, கண், மூக்கு-வாய்ப் பகுதி, மீசை, தலை ஆகிய ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் தருகிறது. கூட்டுத்தொகை 10க்கு 4ஐ எட்டினால் வலிநிவாரணி தேவைப்படலாம். காதுகள் வெளிப்புறம் திரும்பி, கண்கள் இடுங்கி, மீசை விறைத்து, தலை தோள்மட்டத்துக்குக் கீழே தாழ்ந்திருக்கும் பூனை தூங்குவதுபோலத் தோன்றினாலும், வலியைப் பொறுத்துக்கொண்டிருக்கலாம்.

இரக்கப்பட்டு முதலுதவிப் பெட்டியிலுள்ள பாரசிட்டமாலைக் கொடுத்தால், அம்மருந்தின் நச்சை முறிக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்குப் போதாததால், அதுவே உயிரைப் பறிக்கக்கூடும். கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்வதே உண்மையான இரக்கம்.