அரமும் தோய்ச்சலும்

கோவை மாநகரைச் சேர்ந்த கணபதியில் வார்ப்பாலைகளும் கடைசல் பட்டறைகளும் மிகுதி. அவற்றின் இரைச்சலுக்கிடையே ஒரு கொல்லர், லாரியின் பழைய வில்பட்டையைக் கத்தியாக அடித்து, சாம்பலில் புதைத்து ஆறவிட்டு, அரத்தை மகன் கையில் கொடுக்கிறார். அலகு மென்மையாய் இருக்கும்போதே கோடுகளைத் தேய்த்துப் போக்கிவிட வேண்டும். ஆழ்ந்த கோடு ஒன்று எஞ்சினாலும், செக்கச் சிவந்த அலகு எண்ணெயில் அமிழும் கணத்தில் அவ்வழியே விரிசல் ஓடிவிடும். ஆயினும் வாயை இப்போதே கூராக்குதல் ஆகாது. மெல்லிய வாய் தோய்ச்சலில் கோணிவிடும்.

மகன் தேய்த்ததைத் தந்தை வெயிலில் சாய்த்துப் பார்க்கிறார்.

“கண்ணு, பிடியோரம் குறுக்கே ஒரு கோடு கிடக்கிறதே!”

அரை நாள் உழைப்பு மறுபடியும் தொடங்குகிறது.

நொய்யற்கரைக் கொடுமணலில் 1985இல் தொடங்கிய அகழாய்வு, பழந்தமிழர் இரும்பு உருக்கிய உலைகளை வெளிப்படுத்தியது. இந்திய எஃகின் இயல்பை மைக்கேல் பாரடே 1819இல் இங்கிலாந்தில் பகுத்தாய்ந்தார். கொல்லரின் மகனுக்கோ அந்த ஒரு கோடே இப்போது உலகம்.

மாலையில் அலகு எண்ணெயில் அமிழ்கிறது. இருவரும் செவிசாய்க்கின்றனர். விரிசலின் ஓசை எழவில்லை. கடினமாகிவிட்ட அலகின்மேல் இனி அரம் வழுக்கும்; கீழே விழுந்தால் அலகு கண்ணாடிபோல் உடையவும் கூடும். ஆதலால் கருஞ்செதிலைக் கல்லால் நீக்கி, மீண்டும் இளஞ்சூடு காட்டுகின்றனர். வெளுத்த பரப்பில் வைக்கோல் நிறம் படர்கிறது. வெப்பம் ஏறத்தாழ 220 பாகை செல்சியஸ். நீலம் பூத்தால் 300ஐ நெருங்கிவிட்டது என்று பொருள். அந்த அலகில் கூர் நெடுநாள் நில்லாது. சாணைச் சூட்டிலும் அந்த நீலம் தோன்றக்கூடும் என்பதால், மகன் அலகை நொடிக்கொருமுறை நீரில் நனைத்தே தீட்டுகிறான்.

தந்தை கத்தியை வாங்கிக் கட்டைவிரல் நகத்தின்மேல் வைத்துப் பார்க்கிறார். அடுத்த பட்டையை எடுத்து மகன் உலையிலிடுகிறான்.