15 படகு... 180 பேர்... அதற்கு மேல் 'நோ என்ட்ரி'!

காலை நேரம். அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில் கெர்ரி மாவட்டம். போர்ட்மகீ என்ற சின்ன மீனவ கிராமத்தின் படகுத்துறையில் மழைக்கோட்டும் முதுகுப் பையுமாகக் கொஞ்சம் பேர் காத்திருக்கிறார்கள். பல மாதங்களுக்கு முன்பே டிக்கெட் எடுத்தவர்கள். ஆனாலும் யார் முகத்திலும் நிம்மதி இல்லை. எல்லோர் கண்ணும் படகோட்டியின் முகத்தில்தான்!

அவர் கடலைப் பார்த்து, "இன்றைக்குப் போகலாம்" என்று சொன்னால்தான் பயணம். அலை சரியில்லை என்றால் அன்றைய பயணம் ரத்து.

அவர்கள் போக நினைக்கும் இடம் ஸ்கெல்லிக் மைக்கேல். கரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக் கடலில் 218 மீட்டர் உயரத்துக்கு நெட்டுக்குத்தாக நிற்கும் பாறைத் தீவு.

துறவிகள் கட்டிய தேன்கூடுகள்

ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால், உலகத்தை விட்டு விலகி ஜெபம் செய்ய நினைத்த கிறிஸ்தவத் துறவிகள் இந்தப் பாறையில் குடியேறினார்கள். சுண்ணாம்பு, சாந்து எதுவும் இல்லாமல் கல் மேல் கல்லாக அடுக்கியே தேன்கூடு வடிவத்தில் ஆறு குடில்கள் கட்டினார்கள். புயலுக்கும் மழைக்கும் பெயர்போன அந்த இடத்தில், அவை இன்றும் நிற்கின்றன. 1996ல் யுனெஸ்கோ இந்தத் தீவை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

குடில்களை அடைய 618 கல் படிகள் ஏற வேண்டும். ஒழுங்கான அளவில் இல்லாத, பழங்காலப் படிகள். பெரும்பாலான இடங்களில் கைப்பிடி கிடையாது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கடல். 2009ஆம் ஆண்டில் மட்டும் இரண்டு சுற்றுலாப் பயணிகள் இங்கே தவறி விழுந்து உயிரிழந்தார்கள். அதனால், இப்போது தீவில் இறங்கியதும் வழிகாட்டிகள் பாதுகாப்பு விதிகளைச் சொல்லிவிட்டுத்தான் மேலே அனுப்புகிறார்கள். பருவ காலத்தில் அந்த வழிகாட்டிகள் தீவிலேயே தங்கியிருக்கிறார்கள்.

இரண்டு அனுமதி வேண்டும்

இந்தத் தீவுக்கு ஆள் ஏற்றிப்போக, படகு வைத்திருந்தால் மட்டும் போதாது.

முதலில், படகு கடலுக்குத் தகுதியானதுதானா என்று அரசு சோதித்துக் கொடுக்கும் பயணிகள் படகு உரிமம். அயர்லாந்து சட்டப்படி இந்த உரிமத்தில் 12 பயணிகள் வரைதான் ஏற்றலாம். பதின்மூன்றாவது ஆள் ஏறினால் அது 'படகு' இல்லை, 'பயணிகள் கப்பல்'. அதற்கான விதிகள் இன்னும் கடுமையானவை.

இரண்டாவது, தீவைப் பராமரிக்கும் அரசின் பொதுப்பணி அலுவலகம் தரும் 'இறங்கும் அனுமதி'. இது 15 படகுகளுக்கு மட்டும்தான். 15 படகு, ஆளுக்கொரு நடை, படகுக்கு 12 பேர். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 180 பேர். அதற்கு மேல் காலடி பட்டால் பழைய படிகளும் சுவர்களும் தாங்காது, கூடு கட்டும் கடற்பறவைகளும் தாங்காது என்பதுதான் காரணம்.

சினிமா கொண்டுவந்த கூட்டம்

2015ல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் கடைசிக் காட்சியில், லூக் ஸ்கைவாக்கர் தனியாக நின்ற இடம் இந்தத் தீவுதான். 2017ல் வந்த அடுத்த படத்திலும் தீவு தலைகாட்டியது. உலகம் முழுவதும் ரசிகர்கள் டிக்கெட் தேடத் தொடங்கினார்கள். அதனால் அந்த 15 அனுமதிச் சீட்டுகளின் மதிப்பும் ஏறியது.

பருவமோ மே மாத நடுவிலிருந்து செப்டம்பர் வரை மட்டும். அதிலும் கடல் சீறும் நாட்களில் வருமானம் இல்லை. அனுமதி கிடைத்த குடும்பத்துக்கு அந்தச் சில மாதங்கள்தான் ஆண்டின் பெரும் சம்பாத்தியம். கிடைக்காதவருக்கு, கண்ணெதிரே தெரியும் தீவில் ஆள் இறக்க முடியாது! 2025ல் இந்த ஒதுக்கீட்டை எதிர்த்து வழக்கு நீதிமன்றம் வரை போனதால், குறித்த நாளில் தீவுப் பயணமே தொடங்கவில்லை. அனுமதியை அதிகரித்தால் தீவுக்கு ஆபத்து, அதிகரிக்காவிட்டால் சிலர் பிழைப்புக்குக் கஷ்டம். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதுதான் சிக்கல்.

இறங்கும் அனுமதி இல்லாத படகுகளுக்கும் ஒரு வழி உண்டு. தீவைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பலாம். பக்கத்திலேயே இருக்கும் சின்ன ஸ்கெல்லிக் பாறை, ஆயிரக்கணக்கான கேனட் பறவைகளால் தூரத்திலிருந்து பனி மூடியதுபோல வெள்ளையாகத் தெரியும். இந்தப் பயணத்துக்கு டிக்கெட் கிடைப்பதும் சுலபம், செலவும் குறைவு.

போகிறவர்கள் கவனத்துக்கு

* இறங்கும் பயணத்துக்குக் கட்டணம் நூறு யூரோவுக்கு மேல். பல மாதம் முன்பே பதிவு செய்யுங்கள்.
* கடல் ஒத்துழைக்காமல் போகலாம். கையில் ஒன்றிரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.
* தீவில் கடை இல்லை, கழிப்பறை இல்லை, மழைக்கு ஒதுங்க இடமும் இல்லை. தண்ணீர், சாப்பாடு, வழுக்காத ஷூ கட்டாயம்.
* சிறு குழந்தைகளுக்கும், உயரத்தைக் கண்டால் தலைசுற்றுபவர்களுக்கும் சுற்றிப் பார்க்கும் படகே நல்லது.
* ஆரஞ்சு நிற அலகுள்ள பஃபின் பறவைகளைப் பார்க்க, ஜூலைக்குள் போய்விடுங்கள்.

படகோட்டி 'இன்றைக்கு வேண்டாம்' என்று சொன்னால் மட்டும் வாதம் செய்யாதீர்கள். ஒரு நாள் வருமானத்தை இழந்துதான் அவர் அதைச் சொல்கிறார்!