எந்தத் தேதிக்கு?

என் வீட்டுக் கணக்கு லெட்ஜர் என்ற கருவியில் இருக்கிறது. ஜான் வீக்லி எழுதி 2003-இல் வெளிவந்த கட்டளைவரி நிரல் அது. மொத்தக் கணக்கும் ஒரே ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. ஒவ்வொரு பதிவிலும் முதல் வரியில் தேதியும் ஆள் பெயரும் வரும். அதன் கீழே, சற்று உள்தள்ளி, ‘செலவு:பால்’, ‘இருப்பு:ரொக்கம்’ என்று தலைப்புகளும் தொகைகளும். தலைப்புக்கும் தொகைக்கும் நடுவே இரண்டு இடைவெளி விடவேண்டும். ஒன்றுதான் விட்டால் தொகையும் தலைப்பில் சேர்ந்துவிடும். கடைசி வரியின் தொகையை எழுதாமல் விடலாம். கூட்டினால் பூச்சியம் வந்தாகவேண்டும் என்பதால் கருவியே அதை நிரப்பிக்கொள்ளும்.

இந்தக் கருவிகளைப் பற்றி எங்கே படித்தாலும் கதை 1494-இல் வெனிஸ் நகரில்தான் தொடங்குகிறது. லூக்கா பச்சோலி என்ற பிரான்சிஸ்கன் துறவி அச்சிட்ட கணித நூலில் இரட்டைப் பதிவு முறைக்கு ஒரு பகுதி உண்டு. உலகம் கணக்கெழுதக் கற்றது அதிலிருந்து என்பார்கள். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. என் தாத்தா ரங்கூன் மொகல் தெருவில் ஒரு செட்டியார் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக இருந்தவர். 1942-இல் ஊர் திரும்பி, பிறகு மைசூர் சந்தேபேட்டையில் மளிகை மண்டிகளுக்குக் கணக்கெழுதிப் பிழைத்தார். பச்சோலி பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க வழியே இல்லை. அப்படியானால் அவர் எழுதிய பக்கத்தின் அமைப்பை வகுத்தது யார்? எங்காவது ஒரு மாதிரி ஏடு, ஒரு வெற்றுப் படிவம் இருந்திருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்கத்தான் கிளம்பினேன்.

தாத்தாவிடம் எடுபிடியாகச் சேர்ந்து கணக்குப் பழகிய பெரியவர் ஒருவர் அக்ரஹாரம் பக்கம் இருக்கிறார். எண்பது தாண்டியவர், நினைவு துல்லியம். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று கடையின் அடுக்கைச் சொல்வார். மேலாளுக்கு எழுதித்தரும் சம்பளச் சிட்டையைப் பற்றி, குறிப்பிலிருந்து பேரேட்டுக்கும் பேரேட்டிலிருந்து ஐந்தொகைக்கும் கணக்கு ஏறும் விதத்தைப் பற்றித் தாத்தா சொன்னதெல்லாம் அப்படியே ஒப்பிப்பார். படிவம் என்று ஆரம்பித்தால் மட்டும் பிடிகொடுக்கமாட்டார்.

ஒருநாள் வெள்ளைத்தாளும் பேனாவும் முன்னால் வைத்தேன். “ஐயா, ஒரு வெறும் பக்கம் போட்டுக் காட்டுங்க. தொகை ஒண்ணும் வேண்டாம்.”

“எந்தத் தேதிக்கு?”

“தேதி எதுக்குங்க? சும்மா மாதிரிக்கு.”

“தேதி இல்லாம பக்கம் எப்படி தம்பி வரும்?”

அன்றைய தேதியைச் சொன்னேன். பிள்ளையார் சுழி போட்டார். அடுத்த வரியில் தமிழ் வருடம், மாதம், தேதி, பக்கத்திலேயே ஆங்கிலத் தேதி. பிறகு பேனாவைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். “முந்தின நாள் இருப்பு?”

“ஏதாவது போடுங்க.”

“ஏதாவது போட்டா அது கணக்கா? நேத்து இருப்பு தெரியாம இன்னைக்கு என்னத்த எழுதுறது?”

அதற்கு மேல் ஒரு கோடுகூட இழுக்கவில்லை. அடுத்தடுத்த முறைகளிலும் இதே இடத்தில் வந்து நின்றோம். கடைசியில் கேள்வியை மாற்றினேன்: அவருக்குத் தாத்தா எப்படிச் சொல்லிக்கொடுத்தார்?

“சொல்லிக்குடுக்க என்ன இருக்கு? முந்தின நாள் பக்கத்தைத் திறந்து முன்னால வைப்பாரு. அதைப் பாத்து எழுதணும். தப்பா எழுதினா அடிச்சுட்டு மறுபடி எழுதணும்.”

நான் தேடிய ஏடு எங்கேயும் இருந்ததில்லை. நேற்றைய பக்கமேதான் இன்றைய பக்கத்துக்குப் படிவம்.

அன்று இரவு லெட்ஜரின் கையேட்டை வேறு கண்ணோடு படித்தேன். அதில் ‘எக்ஸாக்ட்’ என்றொரு கட்டளை உண்டு. முன்பு அதன் பெயர் ‘என்ட்ரி’. தேதி, பெயரில் ஒரு துண்டு, தொகை, இவ்வளவு கொடுத்தால் போதும். ‘நந்தினி’ என்று அடித்தால், அந்தப் பெயரில் கடைசியாக எழுதிய பதிவைத் தேடி எடுத்து, அதே தலைப்புகளோடு புதுத் தேதியில் ஒரு பதிவைத் தரும். தனியாக டெம்ப்ளேட் கோப்பு எதுவும் வேண்டாம். பெரியவர் சொன்ன பாடம் அப்படியே அங்கே நிரலாக இருந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

லெட்ஜர் வெளிவந்த அதே 2003-இல் யூனிகோட் 4.0 வெளிவந்தது. தமிழுக்கு எட்டுக் குறிகள் அதில் புதிதாகச் சேர்ந்தன: நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி, ரூபாய், எண். தமிழ்க் கணக்குப் புத்தகத்தின் இந்தக் குறிகள் கணினிக்குள் வந்துவிட்டன. அவற்றில் ௸ என்ற மேற்படிக் குறியைத்தான் நான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘மேலே உள்ளபடியே’ என்று சொல்ல ஒரு தனிக் குறியே வைத்திருந்தவர்கள் நம் கணக்கர்கள்.

பச்சோலி மேல் இருந்த கோபமும் இந்தத் தெளிவில் கரைந்தது. அவர் எழுதியதை நிதானமாகப் படித்தால், வெனிஸ் வணிகர்கள் ஏற்கெனவே கையாண்ட முறையைத்தான் விளக்குகிறார். குறிப்பேடு, நாளேடு, பேரேடு என்று மூன்று புத்தகம் சொல்கிறார். ஏட்டின் மேல் சிலுவைக் குறி போட்டு, கடவுள் பெயரால் தொடங்கச் சொல்கிறார். பிள்ளையார் சுழிக்கு அங்கே அதுதான் இடம். ஜெனோவா நகராட்சியின் 1340-ஆம் ஆண்டுக் கணக்கிலேயே இரட்டைப் பதிவு முழுதாக இருக்கிறது. அதை எழுதியவரும் யாரோ ஒரு மூத்த கணக்கரின் பக்கத்தைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார் என்று நம்புகிறேன். நம் பக்கம் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பிலும் தமிழ் வருடம், மாதம், தேதி, கிழமை என்ற தலைப்பு வரி திரும்பத் திரும்ப வருகிறது. அவரும் வணிகர்தான்.

பால், வாடகை, மின்கட்டணம் என்று நான் சேர்த்துவைத்திருந்த வெற்றுப் படிவங்களை அழித்துவிட்டேன். வெற்றுப் படிவம் முந்தின நாள் இருப்பைக் கேட்பதில்லை. எதை எழுதினாலும் வாங்கிக்கொள்ளும். எழுதப்பட்ட பக்கம் நேற்றைக்குப் பதில் சொல்லாமல் இன்றைக்கு நகரவிடாது. கணக்கெழுதத் தொடங்கும் நண்பர்கள் இப்போதும் என்னிடம் டெம்ப்ளேட் கேட்கிறார்கள். என் கடைசிப் பதிவுகளில் ஒன்றைத் தேதியோடும் தொகையோடும் அனுப்பி, இதைப் பார்த்து எழுதுங்கள் என்கிறேன்.