தூதன் இரண்டாம் முறையும் வந்தான்



தை பிறந்துவிட்டது. முடிச்சூர்ப் பக்கத்துத் தெருக்களில் தேங்கிய மழைநீரும் வடிந்துவிட்டது. சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலை நடைக்காரர்கள் மறுபடியும் தென்படுகிறார்கள். ஆயினும் ஐப்பசிக்கு முன்பு நாள்தோறும் நடந்த நம் சபையார் பலர் இன்னும் திரும்பவில்லை. மழைக்காக ஒரு வாரம் நிறுத்தியது கிறிஸ்மஸ் ஆயத்தங்களால் இரண்டு மாதமாயிற்று. புத்தாண்டு ஆராதனையில் எடுத்த தீர்மானம் பத்து நாள் தாங்கிற்று. அதற்கென்றே வாங்கிய காலணி இப்போது செருப்பு அலமாரியின் அடித்தட்டில் கிடக்கிறது. இந்த வாரம் அந்தக் காலணியைக் குறித்தே உங்களோடு பேச விரும்புகிறேன்.

இது ஆவிக்குரிய காரியமா என்று சிலர் கேட்கக்கூடும். பவுல் அப்போஸ்தலன் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபத்தில், தேவபக்தியோடு ஒப்பிடுகையில் சரீர முயற்சியின் பயன் சிறியது என்கிறார். சிறியது என்றுதான் எழுதினார். பயனற்றது என்று எழுதவில்லை. அந்த வசனத்தை விடியற்காலைப் போர்வையைப் போல இழுத்து மூடிக்கொள்பவர்கள் நம் நடுவே உண்டு! சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் நுழையாத வீடு நம் சபையில் எத்தனை? உங்கள் வீடுகளுக்கு ஜெபிக்க வரும்போது, வேதாகமத்துக்குப் பக்கத்திலேயே மாத்திரைப் பெட்டியையும் காண்கிறேன்.

ஆனால் சோம்பலைக் கண்டிப்பதற்காக இதை எழுதவில்லை. நடையை விட்டவர்களிடம் நான் காண்பது சோம்பலைவிட வெட்கமே. உடன் நடந்தவர்களைக் கடைத்தெருவில் கண்டால் மறுபுறம் ஒதுங்கிப் போகிறார்கள். சில வாரங்கள் ஆராதனைக்கு வராதவர் போதகரைக் கண்டு ஒதுங்குவதும் இப்படித்தான். விட்டுப்போனது ஒரு மாதம். வெட்கம் அதை ஓர் ஆண்டாக்கிவிடுகிறது.

எலியா தீர்க்கதரிசியை நினைத்துப் பாருங்கள். கர்மேல் பர்வதத்திலிருந்து யெஸ்ரயேல் வரை, ஆகாபின் இரதத்துக்கு முன்னாக ஓடினவர் அவர். அதே மனிதர் அடுத்த அதிகாரத்தில் சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி கேட்கிறார். ஓடின கால்கள் அவைதான், உள்ளம்தான் சோர்ந்துவிட்டது. தூதன் வந்து அவரைக் கடிந்துகொள்ளவில்லை, நேற்றைய ஓட்டத்தை நினைப்பூட்டவும் இல்லை. தொட்டான், தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டினான். எலியா உண்டார், மறுபடியும் படுத்துக்கொண்டார். நாம் விரைவாக வாசித்துக் கடந்துவிடும் இடம் இது. முதல் முயற்சிக்குப் பிறகும் மனிதர் படுத்துவிட்டார்! தூதன் சலித்துப்போகாமல் இரண்டாம் முறையும் வந்து தொட்டான். நாற்பது நாள் நடை அதற்குப் பின்புதான் தொடங்கிற்று.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. மின்தொடர் வண்டியில் நாள்தோறும் கடக்கும் தாம்பரம் சானடோரியம் நிலையத்தின் பெயர் எதிலிருந்து வந்தது? இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் காசநோய் விடுதி நடத்திய டாக்டர் டேவிட் சௌரிமுத்து, 1928ஆம் ஆண்டு இங்கே 12 படுக்கைகளோடு ஒரு விடுதியைத் தொடங்கினார். 1937இல் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குகிறது. காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. தூய காற்று, நல்ல உணவு, ஓய்வு, அளந்து கொடுத்த உழைப்பு ஆகியவையே சிகிச்சை.

அந்த அளவைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தவர், இங்கிலாந்தின் ஃபிரிம்லி என்னும் ஊரில் 1905 முதல் பணியாற்றிய டாக்டர் மார்க்கஸ் பேட்டர்சன். படுக்கையிலிருந்து எழுந்த நோயாளிக்கு முதலில் சிறுதூர நடை மட்டுமே. பல நாட்களில் அது மெல்ல நீண்டது. பின்பு மண் நிறைந்த கூடையைச் சுமந்தான். அதன்பின் சிறிய மண்வாரி, பிறகு பெரிய மண்வாரி, கடைசியாகக் குந்தாலி. இடையில் காய்ச்சல் கண்டால் படுக்கைக்குத் திரும்பினான். தணிந்தபின் மறுபடியும் தொடங்கினான். திரும்பிப் படுத்ததை யாரும் தோல்வியென்று எண்ணவில்லை. அது சிகிச்சைக்குள்ளேயே அடங்கியிருந்தது.

நாமோ மூன்று மாதம் ஓய்ந்திருந்துவிட்டு முதல் நாளிலேயே குந்தாலியைக் கேட்கிறோம். ஐந்து கிலோமீட்டர் நடந்து, முழங்கால் வலிக்க வீடு திரும்பி, மறுநாள் படுத்துவிடுகிறோம்.

பின்னாளில் மருந்து வந்தது. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம், வீட்டிலிருந்தபடியே மருந்து உட்கொள்பவர்களும் விடுதியில் இருப்பவர்களைப் போலவே குணமடைவதைக் காட்டியது. உலகமே வியந்த முடிவு அது. ஆனால் வீட்டில் வேறொரு சிக்கல் எழுந்தது. இருமல் நின்றதும் மாத்திரையும் நின்றுபோயிற்று. அதற்கு அவர்கள் கண்ட வழிகளில் ஒன்று மிக எளியது: நோயாளி மருந்தை விழுங்கும்வரை ஒருவர் கூட இருக்க வேண்டும். இன்று 'டாட்ஸ்' என்று உலகம் அறிந்திருக்கும் முறைக்கு நம் சென்னையில் நடந்த அந்த ஆய்வுகளும் அடித்தளமாயின. மனவுறுதியைப் பற்றிப் பிரசங்கிப்பதோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. ஓர் ஆளை அருகில் நிறுத்தினார்கள்.

எலியாவின் சரித்திரத்திலும் இது உண்டு. வனாந்தரத்துக்குள் போகுமுன் அவர் பெயெர்செபாவில் தம் வேலைக்காரனை விட்டுவிட்டார். ஒரு நாள் தனியே நடந்த பின்பே சூரைச்செடியின் கீழ் விழுந்தார். ஓரேபில் கர்த்தர் அவருக்குச் சொன்னவற்றுள் ஒன்று, எலிசாவை அபிஷேகம் பண்ணும்படி. அன்றுமுதல் அவருக்கு ஒரு துணை கிடைத்தது.

உங்களில் சிலர் நடையை விட்டதற்குக் காரணம் மழையன்று என்பதை அறிவேன். இத்தனை ஆண்டு உடன் நடந்தவர் இப்போது இல்லை. அவர் வழக்கமாக நின்று மூச்சு வாங்கும் பால் பூத் வந்ததும் காலெடுத்து வைக்க முடியவில்லை என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அவரிடம் மனவுறுதி போதாது என்று யார் சொல்லக்கூடும்? அன்பானவரே, அந்தத் தெரு கடினமானால் வேறு தெரு வழியாய்ப் போகலாம். ஏரிக்கரைக்கே இப்போது போகவேண்டியதில்லை.

நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு ஒரு செய்தி. வருகிற சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு ஆலய வாசலில் இருவர் நிற்பார்கள். தெருமுனைத் தேநீர்க் கடைவரை போய்த் திரும்புவது, அவ்வளவே, பத்து நிமிடம். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள். அதை அவர்களிடம் முன்னமே சொல்லிவைத்திருக்கிறேன். வாசல்வரை வரவும் மனமில்லாதவர்கள் வெள்ளி இரவு எனக்கு ஒரு வார்த்தை அனுப்புங்கள். உங்கள் வீட்டுக்கே ஒருவர் வருவார். அன்று நீங்கள் எழுந்திருக்கவில்லையென்றால், அடுத்த சனிக்கிழமையும் வருவார்.