ஒரு சிப்பம் நெல்லின் கணக்கு



அறுப்பின் பண்டிகைக்கு நெற்கதிரும் கம்பங்கதிரும் கொண்டுவந்து ஆலயத்தைச் சோடிக்கிறோம். அந்தத் தானியத்திற்காக ஸ்தோத்திரம் செலுத்துகிறோம். அதை விளைவித்தவருக்கு என்ன மிஞ்சிற்று என்று கேட்பது மட்டும் நம்மிடையே வழக்கமில்லை. இந்த வாரம் அதைக் கேட்போம். ஓரிரு ஏக்கரில் நெல்லோ சிறுதானியமோ பயிரிடும் ஒரு குடும்பத்திற்கு அந்த நிலம் கட்டுப்படியாகுமா?

இது யாரோ சிலருடைய கேள்வி என்று எண்ணவேண்டாம். இராஜபாளையத்து நூற்பாலைகளில் வேலைசெய்யும் நம் சபையார் பலருக்கு முந்தின தலைமுறையின் நிலம் கிராமத்தில் இன்னும் இருக்கிறது. 2015-16 வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு சாகுபடியாளர் கைவசமுள்ள நிலத்தின் சராசரிப் பரப்பு 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் சற்றுக் குறைவு. ஆகவே சிறு விவசாயி என்று நாம் சொல்லும்போது, ஏறக்குறைய தமிழ்நாட்டின் எல்லா விவசாயிகளையும் குறித்தே பேசுகிறோம்.

சில மாதங்களுக்கு முன் நம் சகோதரர் ஒருவர் ஒரு காரியத்திற்காக ஜெபிக்கும்படி கேட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கண்மாய்ப் பாசனத்தில் அவருக்கு இரண்டு ஏக்கர் நன்செய் உண்டு. மனைத்தரகர் ஒருவர் வந்து விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார். மகளின் படிப்புக்குப் பணம் கட்டவேண்டும். “ஐயா, நிலத்தை விற்றுவிடலாமா?” என்று கேட்டார். இருவரும் ஜெபித்தோம். பிறகு, “தம்பி, வீட்டுக் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள்” என்றேன்.

கணக்குப் பார்ப்பது அவிசுவாசம் என்று சிலர் நினைக்கிறார்கள். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவை எண்ணிப்பார்ப்பான் என்பதை நம் ஆண்டவரே லூக்கா பதினான்காம் அதிகாரத்தில் எடுத்துக்காட்டாகச் சொன்னார். உட்கார்ந்து எண்ணுவது சீஷனுக்குரிய காரியமே.

ஆகவே எண்ணுவோம். 2025-26 கொள்முதல் பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை 2,369 ரூபாய்; தமிழ்நாடு அரசின் ஊக்கத்தொகை 131 ரூபாய்; ஆக 2,500 ரூபாய். கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ ஒரு சிப்பம். அதன் விலை சரியாக ஆயிரம் ரூபாய். மத்திய அரசு கணக்கிட்ட உற்பத்திச் செலவு குவிண்டாலுக்கு 1,579 ரூபாய். சிப்பத்திற்கு ஏறக்குறைய 632. இது அகில இந்தியச் சராசரி. குடும்பத்தார் வயலில் செய்த வேலையின் கூலி இதில் சேர்ந்திருக்கிறது. சொந்த நிலத்தின் வாடகை மதிப்பும், சொந்த மூலதனத்தின் வட்டியும் சேரவில்லை.

ஒரு ஏக்கரில் 55 சிப்பம் விளைந்ததாக வைத்துக்கொள்வோம். சிப்பத்திற்கு 368 ரூபாய் வீதம் மிச்சம் 20,240 ரூபாய். இரண்டு ஏக்கரில் நாற்பதாயிரம். கண்மாய் ஒரு போகத்திற்கே நீர் தருமானால், மாதத்திற்கு மூவாயிரத்துச் சொச்சம். குடும்பத்தார் உழைப்பின் கூலியும், பிரதமரின் உழவர் உதவித்தொகையாக ஆண்டுக்கு வரும் 6,000 ரூபாயும் இதனோடு சேரும். எல்லாம் சேர்ந்தும் ஒரு குடும்பத்தை இது தனியே தாங்காது. வேறொரு வருமானத்தோடு சேர்ந்து தாங்கும். இதை மறைத்துப் பேசுவது யாருக்கும் நன்மையல்ல.

இனி அந்த இருபதாயிரம் எப்படிக் கரைகிறது என்று பாருங்கள். நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட இயலாமல் களத்திலேயே வியாபாரியிடம் குவிண்டாலுக்கு 400 ரூபாய் குறைத்து விற்றால், ஏக்கருக்கு 8,800 போய்விடும். உழவுக்கும் உரத்திற்கும் 30,000 ரூபாயை நூற்றுக்கு மூன்று வட்டியில் வாங்கியிருந்தால், ஐந்து மாதத்தில் 4,500 போய்விடும். நிலம் குத்தகை நிலமாயிருந்து பத்துச் சிப்பம் அளக்கவேண்டுமானால், இன்னும் பத்தாயிரம். இப்போது மூவாயிரம் ரூபாய் நஷ்டம்! வயல் அதே வயல்; மழையும் விளைச்சலும் அதேதான். லாபத்தையும் நஷ்டத்தையும் தீர்மானித்தது, யாரிடம் கடன் வாங்கினார், யாரிடம் விற்றார் என்பதே.

சகோதரருடைய நோட்டிலும் அதுவே இருந்தது. அவருக்குக் கடன் கொடுத்தவரும் நெல்லை எடுத்துக்கொண்டவரும் ஒரே ஆள். கடன்பட்டவர் விலை பேச இயலாது. ஈரப்பதம் 17 சதவீதத்திற்குள் வரும்வரை நெல்லைக் காயவைக்க அவருக்கு அவகாசம் கிடையாது, வட்டி காத்திருக்காது. வாய்மொழிக் குத்தகைக்கு உழுகிறவர் நிலைமை இன்னும் கடினம். கொள்முதல் நிலையம் கேட்கும் சிட்டாவும் அடங்கலும் அவர் பெயரில் இராது.

நோட்டில் எழுதாத வரவுகளும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் நமக்கெல்லாம் மகிழ்ச்சி. சுற்றுக் கிராமங்களின் மாடுகள் தின்னும் வைக்கோல் இந்த வயல்களிலிருந்து வருவது. வைக்கோலை வயலிலேயே கட்டுக்கட்டி விற்றுவிடுகிறவருக்கு ஒரு முறை பணம் கிடைக்கும். ஒரு மாடு வைத்திருப்பவருக்கு அது நாள்தோறும் பாலாகும். அதுபோலவே பத்துச் சிப்பத்தை விற்காமல் வீட்டுக்கென்று அரைத்தால் ஏறக்குறைய 260 கிலோ அரிசி. கிலோ 50 ரூபாய்க்கு வாங்கினால் 13,000 ரூபாய் ஆகும் அரிசி, பத்தாயிரத்திற்கு விற்றிருக்கக்கூடிய நெல்லிலிருந்து கிடைக்கிறது. அரைவைக்கூலி போகவும் மிச்சம் உண்டு.

கரிசல் காட்டில் மானாவாரியாகக் கம்பும் சோளமும் குதிரைவாலியும் விதைப்பவர்களின் கணக்கு வேறு. செலவு குறைவு, ஆனால் நெல்லுக்கு இருப்பதுபோன்ற கொள்முதல் நிலையம் அவர்களுக்கு இல்லை. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. மருத்துவர் சொன்னார் என்று நம்மில் பலர் குதிரைவாலி அரிசியைப் பொட்டலத்தில் வாங்குகிறோம். உமி நீக்கிப் பொட்டலமிட்டவருக்குக் கிடைக்கும் பங்கு, வெயிலில் நின்று விளைவித்தவருக்கு வந்து சேருவதில்லை.

பிரியமானவர்களே, ரூத்தின் சரித்திரத்தை நாம் மாமியார் மருமகள் அன்பின் கதையாகவே வாசித்துப் பழகியிருக்கிறோம். அது கைவிட்டுப்போகும் ஒரு தானிய நிலத்தின் கதையுமாகும். பஞ்சத்தினால் எலிமெலேக்கின் குடும்பம் பெத்லகேமைவிட்டுப் போயிற்று. வாற்கோதுமை அறுப்பின் தொடக்கத்தில் நகோமி வெறுமையாய்த் திரும்பினாள். கணவனுடைய வயல்நிலம் விற்பனைக்கு வந்தது. அந்த நிலத்தைக் காப்பாற்றியது அதிக விளைச்சல் அல்ல. பட்டணவாசலில் பத்து மூப்பர் முன்னிலையில், சுதந்தரவாளியாகிய உறவினன் ஒருவன் அந்தச் சுமையைத் தன்மேல் ஏற்றுக்கொண்டான். முதலில் கேட்கப்பட்டவனோ, தன் சொந்தச் சுதந்தரத்திற்குக் கேடு வரும் என்று பின்வாங்கினான்.

அந்த வாசலில் நாம் யார் பக்கம் நிற்கிறோம் என்பதே எனக்குள் எழும் கேள்வி. நிலமுள்ளவர்களுக்கு என் ஆலோசனை இது: தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடனைத் தவணை தவறாமல் செலுத்தினால் வட்டி இல்லை; முதலில் அந்த வாசலைத் தட்டுங்கள். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் தானியத்தை இருப்பு வைத்து, அதன்பேரில் பொருளீட்டுக் கடன் பெறும் வசதியும் உண்டு. விலை ஏறும்வரை காத்திருக்க அது துணைசெய்யும். குத்தகைக்கு விட்டிருப்பவர்களே, உழுகிறவரோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்யுங்கள். பயிர் பொய்த்த ஆண்டில் அளவைக் குறையுங்கள்.

நிலமில்லாத நாம் அனைவரும் அரிசி உண்கிறோம். ஆண்டு அரிசியில் ஒரு பங்கையாவது நம் சபையின் விவசாயக் குடும்பங்களிடமே வாங்கலாம். நாலைந்து வீட்டார் அறுவடைக்கு முன்பே பாதிப் பணம் கொடுத்துவைத்தால், அந்தக் குடும்பம் வட்டிக்காரரின் வாசலுக்குப் போகவேண்டியதில்லை. இது தர்மம் அல்ல; நமக்கும் நல்ல அரிசி கிடைக்கிறது.

சகோதரருக்கு, விற்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர் பாரத்தைச் சுமக்காத நான் அப்படிச் சொல்லுவது நியாயமாகாது. இந்தப் பருவத்திற்குச் சங்கத்தில் கடன் பெற்றிருக்கிறார். நிலம் இன்னும் அவரிடம் இருக்கிறது. மகளின் கட்டணத்திற்கான கவலையும் இருக்கிறது. அந்த நிலம் அடுத்த ஆண்டும் வயலாயிருக்குமா என்பது அவர் ஒருவருடைய விசுவாசத்தை மட்டும் பொறுத்ததல்ல. இந்த வாரம் அரிசி வாங்கப்போகுமுன், உங்கள் இருக்கைக்கு அருகில் உட்காரும் ஒரு விவசாயியிடம், “இந்தப் போகம் என்ன மிஞ்சிற்று?” என்று கேளுங்கள். பதிலைப் பொறுமையாகக் கேளுங்கள்.

ஜெபம்: விதைக்கிறவனுக்கு விதையைத் தருகிற ஆண்டவரே, எங்கள் உணவை விளைவிப்பவர்களின் பாரத்தை எங்கள் கண்களுக்குக் காட்டும். அதில் எங்கள் பங்கைச் சுமக்க எங்களுக்கு மனது தாரும். ஆமென்.